மாத்திரை தொடங்கிய தேதியும் தொல்லை தொடங்கிய தேதியும்

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. இருதுருவ மனநிலைக் கோளாறுக்காக 22 ஆண்டுகளாக லித்தியம் சாப்பிடுகிறார். பெரும்பாலும் நலமாகவே இருந்தார். ஏழு மாதங்களுக்கு முன் தூக்கம் குறைந்து, எல்லோரையும் சந்தேகப்பட்டுச் சத்தம் போட ஆரம்பித்தபோது ரிஸ்பெரிடோன் சேர்த்தார்கள். சத்தம் அடங்கியது. இரண்டு மாதத்தில் கை நடுங்கியது, நடை தளர்ந்தது. அதற்கு ட்ரைஹெக்ஸிபெனிடில் கொடுத்தார்கள். இப்போது மறதி அதிகமாகிவிட்டது. மலச்சிக்கல் இருக்கிறது, சிறுநீர் கழிக்க வெகுநேரம் ஆகிறது. இரவில் எழுந்து உலாவுகிறார் என்பதால் குளோனசெபாமும் சேர்ந்தது. மூன்று வாரங்களுக்கு முன் குளியலறையில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, இடுப்பு வலிக்கு எலும்பு மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை வேறு உண்டு. "வயதானால் அப்படித்தான்" என்கிறார் அண்ணன். "மனநல மாத்திரைகளை எல்லாம் தூக்கி எறி" என்கிறார் சித்தி. மருத்துவரைப் பார்க்க ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. பதற்றத்தில் பாதி மறந்துபோகிறது. கூடவே இருக்கும் நான் எதைக் கவனிக்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இந்தப் பதிலை முழுக்கப் படிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எழுந்துபோய், இடுப்பு வலிக்குக் கொடுத்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் இன்றே உங்கள் மனநல மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். இந்த வகை வலி மாத்திரைகள், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிடும். நீர் பிரியும் மாத்திரைகளில் தயாசைடு வகையும் (ஹைட்ரோகுளோரோதயாசைடு போன்றவை) அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்து, 74 வயதுச் சிறுநீரகமும் சேர்ந்தால், 22 ஆண்டுகளாக ஒத்துப்போன அதே அளவு லித்தியம் சில நாட்களிலேயே நஞ்சாகிவிடலாம். அட்டையில் பாராசிட்டமால் மட்டும் இருந்தால் வலி மாத்திரையைப் பற்றி இந்தக் கவலை இல்லை.

வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், குடித்தவர் போன்ற தள்ளாட்டம், விரல் நடுக்கம் என்ற நிலையைத் தாண்டிக் கையே உதறுவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காத அரைத்தூக்கம் ஆகியவற்றில் எதையாவது ஏற்கெனவே காண்கிறீர்களா? அப்படியானால் தொலைபேசிக்கும் நேரமில்லை. அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். "இவர் லித்தியம் சாப்பிடுகிறவர்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்பதே பொது விதி. அதற்கு விலக்கு இது.

சரி, இனி உட்கார்ந்து பேசலாம்.

உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. சித்தி சொல்வதை அதைவிடவும் ஏற்கவில்லை. முதுமை யாருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்வதில்லை. அது ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருவது. ஏழே மாதத்தில் ஒருவருக்கு நடை தளர்ந்து, மறதி வந்து, சிறுநீர் அடைபட்டு, அவர் விழுந்தும்விட்டார் என்றால் வயதின் மீது பழியைப் போடுவது சோம்பல். முதியவருக்குப் புதிதாக வரும் எந்தத் தொல்லையையும், வேறு காரணம் தெரியும்வரை, மருந்தின் வேலையாக இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். முதியோரைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு இது முதல் பாடம். பாடம் மறந்துபோகும் நாட்களும் உண்டு. என் கதை ஒன்றைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தேன். இடப்பக்கம் மாத்திரை, வலப்பக்கம் தொல்லை. ரிஸ்பெரிடோன்: இரண்டு மாதத்தில் நடுக்கம், நடைத் தளர்ச்சி. ட்ரைஹெக்ஸிபெனிடில்: அதன் பின் மறதி, மலச்சிக்கல், சிறுநீர்ச் சிரமம், இரவில் உலாத்தல். குளோனசெபாம்: அதன் பின் குளியலறையில் விழுந்தது. வலி மாத்திரை: அதற்கு எதிரே இன்னும் எதுவும் இல்லை. மேலே உங்களை அவசரப்படுத்தியது அந்தக் காலி இடம்தான்.

ஒரு மாத்திரையின் பக்க விளைவைப் புதிய நோயாக எண்ணி இன்னொரு மாத்திரை. அதன் பக்க விளைவுக்கு மூன்றாவது. பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1990களில் இதற்கு ஒரு பெயர் சூட்டி எழுதினார்கள். தமிழில் மருந்துச் சங்கிலி என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் வேதனை என்னவென்றால், ஒவ்வொரு கண்ணியையும் கோத்தவர் அந்தந்த நாளில் நியாயமாகத்தான் நடந்துகொண்டிருப்பார். நடுங்கியது, நடுக்கத்துக்குக் கொடுத்தார். தூங்கவில்லை, தூக்கத்துக்குக் கொடுத்தார். முழுச் சங்கிலியையும் ஒருசேரப் பார்க்கக்கூடியவர் ஐந்து நிமிடம் பார்க்கிற மருத்துவர் அல்லர். ஏழு மாதமாகக் கூடவே இருந்த நீங்கள்தான்.

முதுமையில் மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? உடம்பு மருந்தைக் கையாளும் விதம் மாறிவிடுவதால்தான். நாற்பதைத் தாண்டிய பின் பலருக்கும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஆண்டுக்குச் சுமார் ஒரு விழுக்காடு குறைகிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (தசையில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 'நார்மல்' என்று வந்தாலும் முதியவரிடம் அதை அப்படியே நம்ப முடியாது. தசை கரைந்த உடம்பில் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. அதனால் சிறுநீரகம் தளர்ந்திருந்தும் எண் அழகாகத் தெரியும். வயதையும் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டும் திறன் எண்ணை (eGFR) கேட்டு வாங்குங்கள். அடுத்தது, உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. கொழுப்பில் கரையும் மருந்துகள் உள்ளே தங்கிவிடுகின்றன. குளோனசெபாமின் இனத்தைச் சேர்ந்த டயஸெபாம் பாதியாகக் குறைய இருபது வயதுக்காரர் உடம்பில் சுமார் 20 மணி நேரம் ஆகும் என்றால், எண்பது வயதில் 80, 90 மணி நேரம் வரை ஆகலாம். நேற்று இரவின் மாத்திரை கழிவதற்குள் இன்றைய மாத்திரை போய்ச் சேர்கிறது. மூளையும் முன்புபோல் தாக்குப்பிடிப்பதில்லை. இளைஞருக்கு லேசான அசதி தரும் அளவு முதியவருக்கு நாள் முழுக்கக் குழப்பம் தரும்.

இனி ஒவ்வொரு மருந்தாக வருகிறேன். லித்தியத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதிய கட்டுரையோடு லித்தியம் மனநல மருத்துவத்துக்குள் வந்தது. அதன்பின் எத்தனையோ மருந்துகள் வந்தும் அது இடத்தை இழக்கவில்லை. உங்கள் அம்மாவை 22 ஆண்டுகள் நலமாக வைத்திருந்ததும் அதுவாக இருக்கலாம். சித்தி பேச்சைக் கேட்டுத் திடீரென நிறுத்தினால் நோய் மறுபடி கிளம்பும் ஆபத்து அதிகம். ஆனால் லித்தியத்துக்கு உதவும் அளவும் கெடுக்கும் அளவும் அருகருகே இருக்கின்றன. ரத்தத்தில் லிட்டருக்கு 0.4 முதல் 0.8 மில்லிமோல் வரை இருந்தால் முதியவர்களுக்குப் போதும் என்பது பொதுவான கணக்கு. சில ஆய்வகங்கள் மில்லி ஈக்விவலன்ட் என்று அச்சிடும். லித்தியத்தைப் பொறுத்தவரை எண் மாறாது. இளையவர்களுக்கு ஏற்ற 1.0 என்ற அளவே உங்கள் அம்மாவுக்கு நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரலாம். ஆகவே அறிக்கையில் 'இயல்பு எல்லைக்குள்' என்று இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம்: கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டால் காலை ஒன்பதுக்கு. காலையிலும் லித்தியம் உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகே அது. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, அளவு ஏறிவிட்டதென்று அலறியடித்து வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். உங்கள் கடிதத்தில் அம்மாவுக்குக் கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தார்கள் என்ற விவரமே இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் லித்தியம் அளவு, சிறுநீரகம், சோடியம், தைராய்டு, கால்சியம் ஐந்தையும் உடனே கேளுங்கள். முதியவர்களுக்கு அளவு பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றிருப்பது நல்லது. அளவு மாற்றினாலோ புதிய மாத்திரை சேர்ந்தாலோ சுமார் ஒரு வாரத்தில் பார்க்க வேண்டும். நீண்ட நாள் லித்தியம் தைராய்டைச் சோம்பச் செய்யும். அப்போது வரும் மந்தமும் மறதியும் மனச்சோர்வு போலவோ மறதிநோய் போலவோ வேடமிடும். கால்சியம் ஏறினாலும் குழப்பமும் மலச்சிக்கலும் வரும். உங்கள் அம்மாவுக்கு இரண்டுமே இருப்பதால் ட்ரைஹெக்ஸிபெனிடில் மீது மட்டும் பழியைப் போட்டு இதை விட்டுவிடக் கூடாது.

காய்ச்சல், பேதி, தண்ணீர் குடிக்காத நாட்கள், திடீரென்று உப்பை நிறுத்துவது எல்லாமே லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாபிரில், ராமிபிரில், லோசார்ட்டன் போன்றவையும் ஏற்றும். அவற்றைக் கொடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கொடுப்பவருக்கு லித்தியம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். எலும்பு மருத்துவரிடம் நீங்கள் சொன்னீர்களா? மனநல மருந்து சாப்பிடுவதை மற்ற மருத்துவரிடம் சொல்லக் கூசுகிற குடும்பங்கள் நிறைய. அந்தக் கூச்சத்தால் சிறுநீரகம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ரிஸ்பெரிடோன். வீண் சந்தேகம், பிரமை, கொந்தளிப்பு ஆகியவற்றை அடக்கும் வகை மருந்து இது. நடுக்கம் என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போதாது. லித்தியத்தின் நடுக்கம் மெல்லியது, வேகமானது. கையை நீட்டும்போது, டம்ளரை எடுக்கும்போது தெரியும். ரிஸ்பெரிடோன் தரும் பார்க்கின்சன் போன்ற நடுக்கம் மெதுவானது. கை மடியில் சும்மா கிடக்கும்போதே ஆடும், கூடவே உடம்பு விறைக்கும். இதை நீங்களே பார்க்கலாம். அம்மா நடந்து போகும்போது பின்னாலிருந்து பாருங்கள். கைகள் வீசி நடக்கிறாரா, உடம்போடு ஒட்டியிருக்கின்றனவா? திரும்பும்போது இரண்டு அடியில் திரும்புகிறாரா, சிலைபோல நின்று ஆறேழு சின்னச் சின்ன அடியாக வைத்துச் சுற்றுகிறாரா? நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே வாக்கியத்தை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத்து வாரத்துக்கு வாரம் சிறுத்துக்கொண்டே வந்தால், வரியின் தொடக்கத்தில் பெரிதாகவும் முடிவில் எறும்புபோலவும் ஆனால், அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த ஒரு பக்கம் எனக்குப் பத்து நிமிட விசாரணைக்குச் சமம்.

வாயையும் பாருங்கள். இந்த வகை மருந்து மாதக்கணக்கில் உள்ளே போனால் உதடு சப்புவது, மெல்லுவது, நாக்கு தானாக நெளிவது போன்ற அசைவுகள் வரலாம். முதியவர்களுக்கு இளையவர்களைவிட விரைவாகவும் அதிகமாகவும் வரும், சில சமயம் மருந்தை நிறுத்திய பிறகும் நீங்காது. வாயைத் திறந்து நாக்கை உள்ளே சும்மா வைத்திருக்கச் சொல்லிச் சில நொடி கவனியுங்கள். பல்செட் தளர்வாக இருந்தாலும் வாய் மென்றுகொண்டே இருக்கும். முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். (நான் ஒருமுறை பக்க விளைவு என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கடைசியில் பல்செட் என்று கண்டுபிடித்தேன்.)

விழுங்குவதையும் கவனியுங்கள். சாப்பிடும்போது இருமல், தண்ணீர் குடித்ததும் குரல் கரகரப்பது ஆகியவை வயதின் அடையாளம் என்று விட்டுவிட வேண்டியவை அல்ல. நுரையீரலுக்குள் உணவு இறங்கி நிமோனியாவில் முடியலாம். காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டையாக விறைத்துக் குழப்பமும் வந்தால் அதுவும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை.

இங்கே என் தவறு. பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் வார்டில் இருந்தார். ரிஸ்பெரிடோனின் வகையைச் சேர்ந்த ஹாலோபெரிடால் கொடுத்திருந்தேன். நான்காம் நாள் அவரால் கட்டிலில் உட்கார முடியவில்லை. உட்கார்வார், எழுவார், நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதிப்பார். கொந்தளிப்பு அதிகமாகிவிட்டது என்று முடிவுகட்டி அளவைக் கூட்டினேன். மறுநாள் இன்னும் மோசம். இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர்தான் சொன்னார்: "சார், அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடக்கிறார். கால்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை." அது மருந்து தந்த இருப்புக்கொள்ளாமை. நோயைப் போலவே வேடமிடும். மருந்தைக் கூட்டினால் கூடும், குறைத்தால் குறையும். உங்கள் அம்மா இரவில் உலாவுகிறார் என்றீர்களே, அப்போது எப்படி இருக்கிறார்? பயந்து எதையோ தேடுகிறாரா, இடம் தெரியாமல் அலைகிறாரா, கழிப்பறைக்குப் போய்ப் போய் வருகிறாரா, அல்லது தெளிவாகவே இருந்து "காலை வைத்துக்கொண்டு படுக்க முடியவில்லை" என்கிறாரா? நான்குக்கும் நான்கு வெவ்வேறு காரணம். குளோனசெபாம் நான்கையும் ஒரே போர்வையால் மூடிவிடும்.

மறதி இருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் இறப்பு ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சுமார் பத்து வாரத்தில் மருந்து எடுத்தவர்களில் 4.5 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். உங்கள் அம்மாவுக்கு மறதிநோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏழு மாதத்துக்கு முன் ஒரு சண்டையை அடக்கத் தொடங்கிய மருந்து இன்றும் அதே அளவில் தேவையா என்ற கேள்வியை யாராவது கேட்க வேண்டும். நீங்கள் கேளுங்கள்.

என் முதல் சந்தேகம் ட்ரைஹெக்ஸிபெனிடில் மீதுதான். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்துத்தான் அது நடுக்கத்தைக் குறைக்கிறது. அதே வேதிப்பொருள்தான் நினைவாற்றலுக்கும், சிறுநீர்ப்பை சுருங்குவதற்கும், குடல் நகர்வதற்கும், எச்சில் ஊறுவதற்கும் வேண்டும். தடுத்தால் எல்லாமே தடுமாறும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஒன்றை மார்க் பியர்ஸ் என்ற மருத்துவரின் குழு 1991இல் தொகுத்தது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்து வருகிறது. மனநல மருந்து தந்த நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிபெனிடில் கொடுக்காதீர்கள் என்று அதில் இருக்கிறது. நடுக்கம் தரும் மருந்தைக் குறைப்பதோ மாற்றுவதோதான் முதல் வழி.

சளி, அரிப்பு, ஒவ்வாமைக்குக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகளும், ஹைட்ராக்சிசினும், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்சிபியூட்டினினும், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தரும் அமிட்ரிப்டிலினும் இதே தடுப்பு வேலையைச் செய்பவை. ஒன்றோடொன்று கூட்டுச் சேரும். எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். மலம் கழித்த நாளைக் குறித்து வையுங்கள். மூன்று நாளைத் தாண்டினால் சொல்லுங்கள். முதியவர்களின் குழப்பத்துக்கு வெறும் மலச்சிக்கலே காரணமாக இருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

இந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணி எது என்றுகூட என்னால் ஊகிக்க முடிகிறது. மறதிக்கு டோனெபெசில் எழுதுவார்கள். அது அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்து. ட்ரைஹெக்ஸிபெனிடில் அதைத் தடுக்கும் மருந்து. இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பது ஒரே நேரத்தில் வேகத்தையும் பிரேக்கையும் மிதிப்பது. போதாததற்கு டோனெபெசில் நாடித் துடிப்பைக் குறைத்து மயங்கி விழச் செய்யலாம். அப்படி ஒரு சீட்டு கைக்கு வந்தால், "மறதி ட்ரைஹெக்ஸிபெனிடிலுக்குப் பிறகு வந்தது, முதலில் அதைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

குளோனசெபாமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தள்ளாடச் செய்யும், விழச் செய்யும், பகலில் மந்தமாக்கும். ஆனால் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் படிகளில், வாரக்கணக்கில் குறைக்க வேண்டும்.

விழுந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அதை வீட்டிலேயே அளக்க முடியும். அம்மாவை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பாருங்கள், யாராவது பிடித்துக்கொள்ளட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழுந்தவுடன் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். ரிஸ்பெரிடோனும் நீர் பிரியும் மாத்திரையும் கூட்டாக இதைச் செய்யும். கிளினிக்கில் உட்கார்ந்தபடி எடுத்த ஒற்றை அளவில் இது தெரியவே தெரியாது.

நேற்று வரை பேசியவர் இன்று ஆளே மாறிவிட்டார், ஒரு மணி நேரம் தெளிவாகவும் அடுத்த மணி நேரம் குழப்பமாகவும் இருக்கிறார் என்றால் அதை மறதியோடு சேர்க்காதீர்கள். அது டெலிரியம் என்ற திடீர்க் குழப்ப நிலை. மருந்து, கிருமித் தொற்று, சோடியக் குறைவு, சிறுநீர்த் தேக்கம், விழுந்ததில் தலைக்குள் ரத்தக்கசிவு என்று பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். அதே நாளில் காட்ட வேண்டும். சத்தம் போடுகிறவரை எல்லோரும் மருத்துவமனைக்குத் தூக்கிவருகிறார்கள். சத்தமே இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை "இன்றைக்கு அமைதியாக இருக்கிறார்" என்று மகிழ்ந்து விட்டுவிடுகிறார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் முதியவர் மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றைத் தொடங்கியிருந்தால் ஒரு வார்த்தை: முதல் சில வாரங்களில் ரத்த சோடியம் 135க்குக் கீழே இறங்கலாம், பெண்களுக்கும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து அதிகம். சோர்வு, குமட்டல், தலைவலி, குழப்பம் என்று வரும். மனச்சோர்வு முற்றுகிறது என்று அளவைக் கூட்டிவிடுவார்கள். தொடங்குமுன் ஒருமுறையும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஒருமுறையும் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி அந்த ஐந்து நிமிடம். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கியது, கண் சொட்டு மருந்து, மூலிகைப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒரு நோட்டில், மேலே நான் செய்ததுபோல, இடப்பக்கம் ஒவ்வொரு மாத்திரையும் தொடங்கிய தேதியும் அளவு மாறிய தேதியும். வலப்பக்கம் ஒவ்வொரு தொல்லையும் முதலில் கண்ணில் பட்ட தேதி. தேதி சரியாக நினைவில்லாவிட்டால் பழைய சீட்டுகளைத் தேடுங்கள். இனிமேல் எழுதும்போது "நடை மோசம்" என்று எழுதாதீர்கள். "கட்டிலிலிருந்து கதவுக்குப் போகச் சுவரைப் பிடித்தார், போன வாரம் பிடிக்கவில்லை" என்று எழுதுங்கள். "தூங்கவில்லை" என்பதைவிட "இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்தார், இரண்டு முறையும் கழிப்பறைக்கு" என்பது எனக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

உள்ளே போனதும் நலம் விசாரிப்பு முடிவதற்குள் இதைச் சொல்லுங்கள்: "ரிஸ்பெரிடோனுக்குப் பிறகு நடுக்கம் வந்தது, ட்ரைஹெக்ஸிபெனிடிலுக்குப் பிறகு மறதியும் சிறுநீர்ச் சிரமமும் வந்தன, குளோனசெபாமுக்குப் பிறகு விழுந்தார். தேதிகள் இதில் இருக்கின்றன. எதையாவது குறைக்க முடியுமா?" குறைகூறும் தொனி வேண்டாம், வேண்டியதும் இல்லை. தேதிகளே பேசும். பெரும்பாலும் அவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். அது நல்லது. நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. குறைத்த பிறகும் நோட்டை மூடிவிடாதீர்கள். பழைய சந்தேகமும் தூக்கமின்மையும் திரும்புகின்றனவா என்றும் பார்க்க வேண்டுமல்லவா? முதியவர்களுக்கு மருந்து குறைப்பதன் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். மூன்றாம் நாளே சலித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த நோட்டை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். ஏழு மாதத்துக்கு முன் எல்லோர் மீதும் சந்தேகப்பட்டவர். தன்னைப் பற்றி மகள் ரகசியமாகக் குறிப்பெடுப்பதைக் கண்டால் என்ன ஆகும்? என்னிடம் வரும் ஒரு பெரியவர், மகன் எழுதிக்கொண்டிருந்த நோட்டை வாங்கிப் படித்துவிட்டுப் பேனாவையும் கேட்டு வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "வாய் உலர்ந்து பேச முடியவில்லை. மூன்று மாதமாகச் சொல்கிறேன், யாரும் எழுதவில்லை." மகனின் நான்கு பக்கத்திலும் அது இல்லை. அந்த ஒரு வரியை வைத்துத்தான் அன்று ஒரு மாத்திரையை நிறுத்தினேன்.

வலி மாத்திரையின் பெயரையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் எழுதியனுப்புங்கள். அட்டையைப் பார்த்துவிட்டீர்கள்தானே?